திருகோணமலையில் பெயர் மாற்றம்: எந்தக் கடதாசியில் தொடங்குவது?

பிள்ளைக்கு 15 வயது நெருங்கும்போதுதான் பல வீடுகளில் பெயர்ப் பிரச்சினை வெளியே வருகிறது. தேசிய அடையாள அட்டை எடுக்கும் வயது முன்பு 16. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது 15 ஆனது. சாதாரண தரப் பரீட்சைக்கு அட்டை தேவை என்பதால் பாடசாலை பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறது. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்துப் பார்த்தால், இத்தனை வருடமும் வரவு இடாப்பில் கூப்பிட்ட பெயர் ஒன்று, சான்றிதழில் கிடப்பது இன்னொன்று. “சரி, பேரை மாத்திவிடுவம், எங்க போகவேணும்?” என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பதில் சொல்ல ஆட்கள் நிறைய. யூடியூபைத் திறந்தால் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அரசிதழில் விளம்பரம் கொடுக்கச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் சித்தப்பா ‘டீட் போல்’ எழுதினால் போதும் என்கிறார். இரண்டும் அந்தந்த நாட்டில் சரிதான். இங்கே இரண்டுமே எடுபடாது. இலங்கையில் ஒருவரின் பெயர் பிறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அதை மாற்றுவதற்கும் திருத்துவதற்கும் வழி சொல்வது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். போகவேண்டிய இடம் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரின் கிளை. பெரும்பாலானவர்களுக்கு நீதிமன்றப் படி ஏறவேண்டிய தேவையே வராது.

ஆனால், பெயரை மாற்றவேண்டும் என்று கடதாசிக் கட்டோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது பெயர் மாற்றமே அல்ல என்பது என் எண்ணம். சிலருக்குப் பதிவில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தினால் போதும். சிலருக்குப் பதிவு சரி, மற்றக் கடதாசிகள்தான் பிழை. சிலருக்கு இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று காட்டினால் காரியம் முடிந்துவிடும். எது எது என்று பிரித்துப் பாராமல் முதல் கையில் கிடைத்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதில்தான் மாதக்கணக்கான அலைச்சல் தொடங்குகிறது. உதவப் போகிறவர் மருமகனாக இருந்தாலும் சரி, வாத்தியாராக இருந்தாலும் சரி, முதல் வேலை விண்ணப்பம் நிரப்புவது அல்ல. சான்றிதழை மேசையில் விரித்து வைத்துப் படிப்பது.

அதைக் கூடு கூடாகப் படிக்கவேண்டும். முதற் கூட்டில் பிறந்த திகதியும் இடமும், இரண்டாவதில் பெயர், அடுத்து பால், பிறகு தகப்பனின் விபரம், தாயின் விபரம், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்வி, பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த இடமும், கடைசியில் தகவல் கொடுத்தவர் யார் என்பது. பெயர்க் கூட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்கள், தாயின் பெயரில் இருக்கும் எழுத்துப் பிழையைக் கடவுச்சீட்டு எடுக்கும் நாளில்தான் கண்டுபிடிப்பார்கள். பழைய பதிவுகள் கையெழுத்துப் பிரதிகள். ரகரம் றகரமாகியிருக்கும், ழகரம் ளகரமாகியிருக்கும், ஓர் ஒற்று காணாமல் போயிருக்கும். இரண்டாம் கூட்டில் பெயருக்குப் பதில் ஒரு கோடு மட்டும் கிடக்கும் சான்றிதழ்களும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு பதிவு செய்துவிட்டு, 31ஆம் நாள் துடக்குக் கழித்துச் சாத்திரியார் சொன்ன எழுத்தில் பெயர் வைத்து, அதைப் பதிவில் சேர்க்க மறந்துபோன வீடுகளின் பிள்ளைகள் இவர்கள்.

இதையும் கவனியுங்கள். பெயர்க் கூட்டில் ‘யோகேஸ்வரி’ என்று மட்டும் இருக்கிறது, அடையாள அட்டையில் ‘சிவஞானம் யோகேஸ்வரி’ என்று வந்திருக்கிறது என்றால் பதறவேண்டாம். தகப்பன் பெயரை முன்னால் சேர்ப்பது நம்மிடையே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. தகப்பனின் கூட்டில் அதே சிவஞானம் இருந்தால் அது பெயர் மாற்றம் ஆகாது.

இனிச் சட்டத்தின் இரண்டு கதவுகள். 52ஆம் பிரிவு பிழை திருத்துவதற்கு. அன்று சொல்லப்பட்டது ஒன்று, எழுதப்பட்டது வேறு என்றால் இந்த வழி. 27ஆம் பிரிவு, பெயரே இல்லாத பதிவில் பெயரைச் சேர்ப்பதற்கும், பதிந்த பெயரைப் பிறகு மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தைக் குறிப்பதற்கும். ‘செல்வராசா’ என்பது ‘செல்வராச’ என்று கிடந்தால் பிழை. ‘செல்வராசா’ என்று சரியாகவே பதிந்திருக்க, வீட்டிலும் பள்ளியிலும் ‘ரமேஷ்’ என்றே வளர்ந்திருந்தால் அது மாற்றம். எண்சாத்திரம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியதும் மாற்றம்தான், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும். வயது வராத பிள்ளைக்காகத் தாய் தகப்பனோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கலாம். வயது வந்தவர் தானே விண்ணப்பிக்கவேண்டும்.

இரண்டுக்கும் கேட்கப்படும் ஆதாரம் வேறு. பிழை என்று சொல்கிறவர், பதிவு நடந்த காலத்திலேயே சரியான விபரம் இதுதான் என்று காட்டவேண்டும். தாயின் பெயரில் பிழை என்றால் தாயின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் போன்றவை பேசும். மாற்றம் என்கிறவர், புதுப் பெயர் உண்மையிலேயே புழங்குகிறது என்று காட்டவேண்டும். பாடசாலை விடுகைப் பத்திரம், தடுப்பூசி போட்ட கிளினிக் அட்டை, கிறிஸ்தவர்களென்றால் ஞானஸ்நானச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பின் பிரதி, தொழில் இடத்துக் கடிதம் எல்லாம் இதில் சேரும். பழைய கடதாசிக்குப் பெறுமதி அதிகம். போன மாதம் எடுத்த நாலு கடிதத்தைவிட, 20 வருடத்துக்கு முந்திய பாடசாலைச் சேர்வு இடாப்பின் ஒரு வரி உத்தியோகத்தரை இலகுவாக நம்பவைக்கும். எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி, எந்த ஆண்டிலிருந்து எந்தப் பெயர் வருகிறது என்று ஒரு தனித்தாளில் எழுதிக் கோவையின் மேலே வையுங்கள். அந்த ஒற்றைத் தாள் கந்தோரில் உங்கள் நேரத்தையும் மிச்சப்படுத்தும், அவர்களின் பொறுமையையும் காப்பாற்றும்.

மாற்றம் அங்கீகரிக்கப்பட்டால் பழைய பெயர் அழிக்கப்படுவதில்லை. அதே பதிவோடு சேர்த்து மாற்றம் குறிக்கப்படும், புதிய பிரதியில் அதுவும் தெரியும். ‘பழைய பெயர் எவர் கண்ணிலும் படக்கூடாது’ என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது வழி சத்தியக்கடதாசி. இதைப் பற்றித்தான் ஊரில் தப்பபிப்பிராயம் அதிகம். நீதிமன்றப் பக்கம் தட்டச்சு செய்பவரிடம் போனால் அவரிடம் மாதிரி தயாராக இருக்கும்: இன்ன முகவரியில் வசிக்கும் நான், இன்ன இலக்கப் பிறப்புச் சான்றிதழில் இப்படியும், இன்ன காணி உறுதியில் இப்படியும் குறிக்கப்பட்டிருப்பது ஒரே ஆளாகிய என்னையே. சமாதான நீதவான் முன் கையெழுத்து வைக்கவேண்டும். கிறிஸ்தவர் சத்தியம் செய்வார், இந்துவும் முஸ்லிமும் உறுதியுரைப்பார்கள். வாசகத்தில் அந்தச் சொல் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதி பண்ணும் அவசரத்தில் முந்தியவரின் சமயம் அப்படியே கிடப்பதுண்டு. வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி போன்றவற்றில் இரண்டு பெயரை இணைத்துக்காட்ட இந்தக் கடதாசி உதவும். ஆனால் அது பிறப்புப் பதிவேட்டில் ஓர் எழுத்தைக்கூட அசைக்காது. ‘சத்தியக்கடதாசி முடித்தாச்சு, இனிப் பேர் மாறிட்டுது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள், அடுத்த கந்தோரில் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். இன்னொன்று: அதில் பொய் எழுதினால் அது குற்றம். ‘சும்மா ஒரு கையெழுத்துத்தானே’ என்று யாரையும் வைக்கச் சொல்லாதீர்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் இடம் சார்ந்த ஒரு சிக்கலும் இருக்கிறது. பிறப்பு, பெற்றோரின் ஊரில் அல்ல, அது நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடம் பதியப்படுகிறது. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று எங்கிருந்து வந்தாலும் நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பதிவு பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு உரியது. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருப்பதால், வசிக்கும் ஊரின் செயலகத்தில் ஒரு நாள் காத்திருந்துவிட்டு ‘உங்கட பதிவு இங்க இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. இப்போது கிண்ணியாப் பாலம் இருக்கிறது. அது திறக்கப்பட்டது 2009இல். அதற்கு முன் கிண்ணியாக்காரர் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி, மூதூர்க்காரர் லாஞ்சி ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்து, ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திரும்பிப் போன காலம். பிழையைத் தெரிந்துகொண்டே திருத்தாமல் விட்ட தலைமுறை ஒன்று இந்த மாவட்டத்தில் இருப்பதில் வியப்பில்லை. ஆகவே சான்றிதழில் பதிவுப் பிரிவு எது என்பதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

யுத்தமும் கடலும் கடதாசியைத் தின்ற இடம் இது. 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறியது எல்லாவற்றிலும் முதலில் போனது சான்றிதழ்க் கோவைதான். கையிலிருந்த பிரதி தொலைந்தது என்பதால் பதிவு தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும், பிறந்த காலமும் இடமும் பெற்றோர் பெயரும் கொடுத்துத் தேடுதல் விண்ணப்பம் போடலாம். தேடியும் கிடைக்காதபோது வேறு வழிகள் இருக்கின்றன. பிறந்து 3 மாதத்துக்குள் பதியப்படாத பிறப்பைக் காலங்கடந்த பதிவாகச் செய்யலாம். அதுவும் முடியாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். அவசரத்தில் சிலர் செய்யும் கூத்து என்னவென்றால், பழைய பதிவு இருக்கிறதா என்று சரியாகத் தேடாமலே இரண்டாவது பதிவொன்றைச் செய்துவிடுவது. பின்னாளில் இரண்டும் வெளியே வந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்பு. அதை அவிழ்ப்பது பெயர் மாற்றத்தைவிடப் பல மடங்கு சிரமம்.

பெயரைத் திருத்தும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வேர், அடையாள அட்டை தண்டு, மற்றவை கிளை. வேரைத் தொடாமல் அடையாள அட்டையை மட்டும் திருத்தப் போனால் ஆட்பதிவுத் திணைக்களம் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்கும். வேர் சரியான பிறகு, கிராம உத்தியோகத்தர் ஊடாக அடையாள அட்டை, அதன் பிறகு கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி என்று இறங்கலாம். பரீட்சைச் சான்றிதழ் இருந்தால் அது தனி வேலை, பரீட்சைத் திணைக்களத்தோடு.

ஆனால் இந்த ஒழுங்கு 15 வயதுப் பிள்ளைக்குப் பொருந்துகிற மாதிரி 50 வயதுத் தாய்க்குப் பொருந்தாது. அவர் பெயர் அவருடைய சான்றிதழில் மட்டும் இல்லை. விவாகப் பதிவில் இருக்கிறது, மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் கூட்டில் இருக்கிறது, காணி உறுதியில் இருக்கிறது. இன்று அவர் தன் பிறப்புப் பதிவை மாற்றினால் நாளை பிள்ளைகளின் கடதாசி அவரோடு ஒத்துப்போகாது. இப்படிப்பட்டவர்களுக்கு வேரை அசைக்காமல், பெரும்பாலான கடதாசிகளில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, ஒத்துவராத ஒன்றிரண்டைச் சத்தியக்கடதாசியால் இணைப்பதே புத்தி என்பேன். உதவுகிறவருக்கு ‘எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்துவிடவேண்டும்’ என்ற ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. தமிழில் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் ‘யோகேஸ்வரி’யின் கடைசி எழுத்து ‘ஐ’யா ‘வை’யா? ‘திரு’வில் ‘டி’க்குப் பிறகு ‘எச்’ வருமா? ‘முகம்மது’வில் ‘ஓ’வா ‘யூ’வா, ‘எம்’ ஒன்றா இரண்டா? 2017இலிருந்து வரும் புதிய அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் நீங்கள் எழுதும் எழுத்துக்கூட்டல்தான் இனிக் காலத்துக்கும் உங்களோடு வரும். கடவுச்சீட்டு ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ளபடியே எழுதுங்கள். பிள்ளைக்கென்றால், தகப்பனின் அட்டையில் தகப்பன் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளைப் பார்த்து எழுதுங்கள். வங்கியில் பணம் நிற்பதும் விசா நிற்பதும் பெரும்பாலும் இந்த ஓரெழுத்தால்தான்.

கடதாசியில் இருக்கும் முரண்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மாவட்டத்திடம் மறக்கமுடியாத உதாரணம் ஒன்று இருக்கிறது. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் கடவுச்சீட்டு அவர் 1982இல் பிறந்தவர் என்றது. பிறப்புச் சான்றிதழோ 1988 என்றது. பொறுப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில், அப்போது அவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்ற வாதம் கடவுச்சீட்டின் முன் நிற்கவில்லை. 2013 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அது வயது பற்றியது, பெயர் பற்றியதல்ல. இருந்தாலும் ‘இப்போதைக்கு இப்படிப் போட்டுக்கொள்வோம், பிறகு பார்க்கலாம்’ என்று வெளிநாட்டு முகவர் சொல்லும்போது வேறொருவரின் விபரத்துக்கோ வேறு திகதிக்கோ தலையாட்டுவதற்கு முன் நினைத்துப் பார்க்கவேண்டியது.

கலியாணம் முடித்த பெண் கணவன் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. விரும்பினால் விவாகச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் சேர்க்கலாம், பிறப்புப் பதிவு அப்படியே இருக்கும். பால்நிலை மாறிய ஒருவர் பெயரையும் பாலையும் பதிவில் மாற்றுவதற்கு 2016இலிருந்து வழி இருக்கிறது. அதற்கு உளநல வைத்திய நிபுணர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் அடிப்படை. திருமணம் செய்யாத பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பன் பெயரைச் சேர்ப்பது வெறும் திருத்தமாகக் கருதப்படாது. தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்கவேண்டும், அல்லது நீதிமன்றக் கட்டளை வேண்டும். இந்த இடத்தில் சட்டத்தரணி ஒருவரைப் பார்ப்பது வீண் செலவில்லை.

காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, திருகோணமலையிலும் அதற்கு நிலையம் உண்டு. ‘உள்ளே ஆள் இருக்கு, கெதியா முடிச்சுத் தாறன்’ என்று வாசலில் நிற்பவர்களை நம்பி மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள். கட்டணத்தைக் கருமபீடத்தில் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்குங்கள். அந்தச் சீட்டில் இருக்கும் இலக்கம் இல்லாமல் பிறகு எதையும் விசாரிக்க முடியாது. நீங்கள் கையெழுத்து வைக்கும் பிரகடனம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயமே சொல்கிறது, தமிழில் கேளுங்கள் என்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால், கோவை எந்த நிலையில் இருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு எழுதலாம். திட்டிக் கடிதம் எழுதுவதைவிட இது வேலை செய்யும்.

கடைசியாக, இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு அங்கேயுள்ள நகராட்சியிலோ பேரூராட்சியிலோ இருக்கிறது. அதை நம்முடைய பிரதேச செயலகத்தால் திருத்த முடியாது, 27ஆம் பிரிவும் 52ஆம் பிரிவும் அங்கே செல்லாது. இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே முக்கியமானது பிரஜாவுரிமைச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின் கீழ், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிந்து பெறுவது அது. அங்கே ‘எஸ். கவிதா’ என்று தலையெழுத்தோடு பதிந்திருப்பார்கள், இங்கே முழுப்பெயர் கேட்பார்கள். தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துகள் அவருடைய இலங்கை அடையாள அட்டையோடு ஒத்துப்போகாமலும் இருக்கும். இன்னும் திரும்பாத உறவினர் யாராவது அங்கே இருந்தால், வருவதற்கு முன்பே அந்த ஊர்ப் பதிவாளரிடம் பெயரைச் சரிபார்த்துத் திருத்திக்கொண்டு, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிவையும் முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு ஓர் எழுத்துக்காகத் திரும்பக் கடல் கடக்க நேர்ந்தால், அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கோ அந்த எழுத்து முதலில் சரியாக இருக்கவேண்டும்.